மாம்பழத்துக்குள் புழு: பூக்கும்போது மருந்தடித்தால் தீருமா?

நவம்பர் 18 | கேள்வி, குமரி மாவட்டம் அருமனையிலிருந்து

அண்ணே, வீட்டு விளையில ரெண்டு நீலம் மாமரம், ஒரு செங்கவருக்கை மாமரம், ஒட்டுக் கொய்யா ஒண்ணு, சக்கை (பலா), கொல்லாமா (முந்திரி), கொஞ்சம் ஏத்தவாழை (நேந்திரன்) நிக்குது. போன தடவ நீலத்துல வெட்டுன பழம் எல்லாம் புழு. கடையில கேட்டா பூ வந்ததும் அடிங்கன்னு ஒரு பாட்டில் எடுத்துத் தாறாங்க. எப்ப அடிக்கணும், எத்தன தடவ அடிக்கணும்?

நவம்பர் 18

எந்தப் புழு என்று முதலில் பாருங்கள். சதைக்குள் கால் இல்லாத வெளிர்மஞ்சள் புழுக்கள் கூட்டமாக நெளிந்தால், தரையில் போட்டதும் சுருண்டு துள்ளினால், அது பழ ஈ. சதை நன்றாக இருந்து, கொட்டையைப் பிளக்கும்போது பருப்பு கருத்துப் பொடிந்து, உள்ளே பழுப்புத் தலையோடு ஒரு தடித்த புழுவோ கருஞ்சாம்பல் வண்டோ இருந்தால் அது கொட்டைக் கூன்வண்டு. நீலத்தில் இரண்டும் வரும். சில நேரம் ஒரே பழத்திலேயே இரண்டும் இருக்கும்.

பூவில் அடிக்கும் மருந்து இந்த இரண்டுக்கும் பதில் இல்லை. அது பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கானது. பழ ஈ முட்டையிடுவது முற்றிய காயில், அதாவது பூத்து மூன்று நான்கு மாதம் கழித்து. டிசம்பரில் அடித்த மருந்து மே மாதம் வரை நிற்காது. நிற்குமானால் அந்தப் பழத்தைத் தின்னக் கூடாது. அந்தப் பாட்டிலை இப்போது வாங்க வேண்டாம்.

நவம்பர் 19

இந்த மாதம் செய்ய வேண்டியது பட்டை வேலை. கூன்வண்டு அறுவடைக்குப் பிறகு மரத்தின் பட்டை வெடிப்பிலும் கிளைக் கவட்டையிலும் அடிமரத்தைச் சுற்றிய சருகிலும் ஒடுங்கிக் கிடக்கும். வருடத்துக்கு ஒரே தலைமுறைதான். பூ வந்த பிறகு ஏறி, கோலிக்காய் அளவில் இருக்கும் பிஞ்சுகளில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். புழு துளைத்த வழி காய் பருக்கும்போது மூடிவிடும். அதனால் வெளியே ஒன்றும் தெரியாது.

தளர்ந்த பட்டையைத் தேங்காய் நாராலோ கடினத் தூரிகையாலோ தேய்த்து எடுங்கள். பச்சைப் பட்டையைச் சீவ வேண்டாம், அந்தக் காயம் தண்டு துளைப்பானைக் கூப்பிடும். கீழே ஒரு சாக்கை விரித்துக்கொண்டு தேய்த்தால் வண்டுகள் அதில் விழும், பொறுக்கித் தீயில் போடலாம். பிறகு அடிமரத்திலும் முதல் கவட்டை வரையிலும் 5 சத வேப்பெண்ணெய் பூசுங்கள்: லிட்டருக்கு 50 மில்லி, பார் சோப்பு 10 கிராம். மழை விட்டு இரண்டு நாள் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும். நம் மேற்குப் பக்கம் ஐப்பசி மழை கார்த்திகை வரை இழுக்கும், அவசரப்பட்டால் எண்ணெய் மண்ணுக்குத்தான் போகும்.

நவம்பர் 19, இரவு

சேர்க்க விட்டது: பக்கத்து வீட்டு நீலத்தின் கொட்டைகள் வேலியோரம் குவிந்து கிடந்தால் உங்கள் பட்டை வேலை பாதிதான் பலிக்கும். அவர்களிடமும் பேசுங்கள்.

டிசம்பர் 6 | கேள்வி, அதே வாசகர்

நீங்க சொன்னது போல ரெண்டுதான், பழத்துல ஈப்புழு, கொட்டையில வண்டு. இப்ப பூங்கொத்து தலைகாட்டுது. தத்துப்பூச்சிக்காவது அடிக்கணுமா?

டிசம்பர் 6

எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெள்ளைத் தட்டைப் பூங்கொத்துக்குக் கீழே பிடித்து, கொத்தை இரண்டு தட்டு தட்டுங்கள். ஆப்பு வடிவில், பழுப்போ சாம்பலோ நிறத்தில் பக்கவாட்டில் ஓடித் துள்ளுவதுதான் தத்துப்பூச்சி. மரத்தின் நான்கு பக்கமும் பாருங்கள். வெயில் படாத உட்பக்கத்தில் அதிகம் இருக்கும். கொத்துக்கு ஒன்று இரண்டு என்றால் விட்டுவிடலாம். தட்டினால் கூட்டமாகச் சிதறினால், கீழ் இலைகளில் பிசுபிசுப்பான தேன்கழிவு மின்னினால், செய்ய வேண்டும்.

வேப்பெண்ணெய் பூண்டுக் கரைசல், 10 லிட்டருக்கு: வேப்பெண்ணெய் 200 மில்லி, பூண்டு 200 கிராம், பார் சோப்பு 50 கிராம். சோப்பைச் சீவி அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். அதில் எண்ணெயை நூலாக ஊற்றிக் கலக்கினால் பால் நிறமாகும். மேலே எண்ணெய் மிதந்தால் கரையவில்லை என்று பொருள். அப்படியே அடித்தால் பூ கருகும். பூண்டை அரைத்துத் துணியில் வடித்துச் சேர்த்து, தண்ணீர் ஊற்றி அளவாக்குங்கள். அன்றே தீர்க்க வேண்டும்.

அடிக்கும் நேரம், பூங்கொத்து நீண்டு மொட்டு விரியாமல் இருக்கும்போது, மாலை வெயில் சாய்ந்த பிறகு. மொட்டு விரிந்துவிட்டால் எதுவும் அடிக்கக் கூடாது. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரம் முழுக்கத் தேன்பெட்டி இருக்கிறது. மாம்பூவில் ஈக்களும் தேனீக்களும் மகரந்தம் சேர்த்தால்தான் பிஞ்சு பிடிக்கும். கடையில் கொடுப்பது பெரும்பாலும் இமிடாகுளோபிரிட். அது மரச்சாற்றோடு ஓடி பூத்தேனிலும் கலக்கும்.

பூங்கொத்தில் வெள்ளை மாவு படிந்தாற்போல் இருந்தால் அது பூச்சி இல்லை, சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கந்தகத்துக்கும் வேப்பெண்ணெய்க்கும் இடையே இரண்டு வாரமாவது விடுங்கள், அடுத்தடுத்து பட்டால் இலை பொசுங்கும்.

டிசம்பர் 7

முப்பதடி மரத்துக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. கீழ்க்கிளைகளை மட்டும் நனைத்தால் மேலே இருப்பது இறங்கி வரும். ராக்கர் தெளிப்பானும் ஏறத் தெரிந்த ஆளும் இல்லாவிட்டால் இந்த வருடம் அடிப்பதையே விடுங்கள். ஆடி ஆவணியில் நடுக்கிளைகளைக் கழித்து வெயில் உள்ளே இறங்க வழி செய்தால் தத்துப்பூச்சி தங்கும் இடமே குறையும். புகை போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. புகை இருக்கும் வரை பூச்சி விலகும், அணைந்ததும் திரும்பி வரும்.

டிசம்பர் 22 | கேள்வி, ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு அக்கா

மாமரத்துல முசுறு கூடு கட்டியிருக்கு. பூ வரும்போது கலைச்சு விடலாமா?

டிசம்பர் 22

வேண்டாம் அக்கா. மாவிலும் கொல்லாமாவிலும் முசுறு எறும்பு காவல்காரன். தளிரிலும் பிஞ்சிலும் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதால் தேயிலைக் கொசு (தளிரில் சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி), இலைப்புழு, தத்துப்பூச்சி எல்லாம் குறையும். பழ ஈ வந்து உட்கார்ந்து முட்டை வைக்கவும் விடாது. ஒரே கூட்டம் இரண்டு மூன்று மரத்தில் இருந்தால் மரத்துக்கு மரம் கயிறு கட்டிக் கொடுங்கள், அதன்மேல் ஓடும். வேறு வேறு கூட்டத்தை இணைத்தால் அடித்துக்கொண்டு சாகும். இரண்டிலிருந்தும் சில எறும்புகளைக் கயிற்றில் சந்திக்கவிட்டு, சண்டை போடுகிறதா என்று பார்த்தபின் கட்டுங்கள். காய் பறிக்கும் நாளில் கைக்கும் தோட்டிக்கம்புக்கும் அடுப்புச் சாம்பல் பூசினால் ஏறுவது குறையும்.

ஜனவரி 3

முசுறு பற்றிய மேற்குறிப்பைக் கொய்யாவுக்கும் சப்போட்டாவுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மாவுப்பூச்சியிடமும் செதில்பூச்சியிடமும் தேன்கழிவு வாங்கிக் குடிக்கும். அதற்காக அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டும். கொய்யா இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சும் மேலே கரும்படலமும் முசுறும் சேர்ந்து இருந்தால், எறும்பின் வழியை அறுங்கள். அடிமரத்தில் ஒரு சாண் அகலப் பாலித்தீனை இறுகச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவ வேண்டும். பட்டையில் நேராகக் கிரீஸ் பூசினால் பட்டை அழுகும். மதிலையும் கம்பியையும் தொடும் கிளையை வெட்டாவிட்டால் அந்த வழியாக ஏறிவிடும். பிறகு மீனெண்ணெய் ரோசின் சோப்பு, லிட்டருக்கு 25 கிராம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி.

ஜனவரி 20

கொல்லாமாவைக் குனிந்து பாருங்கள். தண்டும் வேரும் சேரும் இடத்தில் மரத்தூளும் பிசினும் கசிந்தால் வேர் துளைப்பான் ஏறிவிட்டது. உளியால் தூள் வரும் பாதையைப் பின்தொடர்ந்து பட்டையைத் திறந்து, புழுவைக் கொக்கிக் கம்பியால் இழுத்துக் கொல்லுங்கள். காயத்திலும், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரையிலும் 5 சத வேப்பெண்ணெய். பட்டை சுற்றளவில் பாதிக்கு மேல் போயிருந்தால், இலை மஞ்சளாகியிருந்தால், மரம் பிழைக்காது. வெட்டி வேரோடு எடுத்து எரிக்காவிட்டால் அடுத்த மரத்துக்குப் போகும். மாவின் தண்டு துளைப்பான் துளையில் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் அடைக்கலாம், கம்பி விட்டுப் பார்த்த பிறகு.

ஜனவரி 21

ஒருவர் தனியாகக் கேட்டார்: துளையில் நுவான் ஊற்றலாமா, செல்பாஸ் மாத்திரை வைக்கலாமா? நுவான் என்பது டைக்குளோர்வாஸ், அதற்கு இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை. பழைய சிபாரிசுத் தாள்களில் இருக்கும் கார்பரில் 2018 முதல் தடை. செல்பாஸ் என்பது அலுமினியம் பாஸ்பைடு, அந்த மாத்திரை ஈரம் பட்டால் விடும் வாயு ஆளைக் கொல்லும். வீட்டு விளையில் அதற்கு இடமே இல்லை.

எல்லைக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கார்போபியூரான் குருணைக்குக் கேரளத்தில் 2011 முதல் தடை. கேரளப் பக்கத்துப் பாறசாலைக்காரர் இங்கே வந்து வாங்கிக்கொண்டு போவது நடக்கிறது. அந்தக் குருணையைப் பழக்கெணியில் (பழம் வைத்து ஈ பிடிக்கும் பொறியில்) போட்டு முற்றத்தில் தொங்கவிட்டால் கோழியும் பிள்ளைகளும் எட்டும் இடத்தில் நஞ்சு இருக்கிறது என்று பொருள். காசர்கோட்டுக் கொல்லாந் தோட்டங்களில் தேயிலைக் கொசுவுக்காகத்தான் எண்டோசல்பானை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அங்கே மனிதருக்கு நேர்ந்தது நமக்கு எல்லோருக்கும் தெரியும். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்கத் தடுத்தது. ஒரு பூச்சிக்காக அந்த வழிக்கு மறுபடி போகக் கூடாது.

மார்ச் 2

பழ ஈக்கு ஏற்பாடு இப்போதே. ஈயை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினால் கெணியை அறுவடைக்கு ஆறு வாரம் முன்பே, தரையிலிருந்து ஐந்தாறடி உயரத்தில், நிழலில் கட்டுங்கள். கயிற்றில் கொஞ்சம் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு ஏறி, செத்த ஈக்களைச் சுமந்து போய்விடும், கெணி காலியாகத் தெரியும். கவர்ச்சிக் கட்டையின் வாசனை ஒரு மாதத்துக்கு மேல் குறையத் தொடங்கும், மாற்றுங்கள்.

அதில் விழுவது ஆண் ஈ மட்டும். முட்டை வைப்பது பெண். கெணி நிறைந்திருக்கிறது, ஆனாலும் பழத்தில் புழு என்று வருடா வருடம் கேட்பதற்குக் காரணம் இதுதான். பக்கத்து ஐந்தாறு வீட்டிலும் கட்டினால்தான் பெண்ணுக்கு ஆண் கிடைக்காமல் போகும். தனி வீட்டுக் கெணி, ஈ வந்துவிட்டது என்று நாள் சொல்லும் கருவி, அவ்வளவுதான். பாகல், புடலையில் வரும் ஈ வேறு இனம், இந்த வாசனைக்கு வராது.

மார்ச் 3

பெண் ஈக்கு இரைக்கெணி. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் மேல்பாதியில் நான்கு துளை, சுண்டுவிரல் நுழையும் அளவு. உள்ளே நசுக்கிய பாளையங்கோட்டான் பழம் ஒன்று, வெல்லம் 10 கிராம், ஈஸ்ட் ஒரு சிட்டிகை, தண்ணீர் 150 மில்லி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. வாரம் ஒருமுறை மாற்றுங்கள். இதில் குட்டிக் கொசுபோல் விழுபவை அழுகல் ஈ, அவற்றால் மரத்துக்குக் கெடுதல் இல்லை. பழ ஈ வீட்டு ஈ அளவில், மஞ்சள் கோட்டோடு இருக்கும்.

சிரட்டையில் துளசி கசக்கி வைப்பதும் நல்ல கெணிதான். துளசியில் உள்ள மெத்தில் யூஜினால்தான் ஈயை இழுக்கிறது. இரண்டு நாளில் இலை காய்ந்துவிடும், புதிது வைக்க வேண்டும்.

மார்ச் 28 | கேள்வி, ஆரல்வாய்மொழி அக்கா

பப்பாளி முழுக்க வெள்ளைப் பஞ்சு. என்ன அடிக்க?

மார்ச் 28

முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், மோசமான இலைகளை வெட்டி எரியுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவைப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகு அது அடங்கியது. அந்தக் குளவி இப்போதும் நம் விளைகளில் இருக்கிறது. பஞ்சுக்குள் பழுப்பாக உப்பி இறுகிய உடல்களைப் பார்த்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். கடுமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி.

தென்னையின் சுருள் வெள்ளை ஈயும் இப்படித்தான். 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் தொடங்கி இங்கேயும் வந்தது. தென்னையிலிருந்து சொட்டும் தேன்கழிவால் கீழே நிற்கும் கொய்யாவும் வாழையும் கறுத்துப்போகும். ஆட்கள் கொய்யாவுக்கு மருந்து அடிக்கிறார்கள், காரணம் மேலே இருக்கிறது. மைதா மாவை லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் கூழாகக் காய்ச்சி ஆறவிட்டு இலைமேல் தெளித்தால், காய்ந்ததும் கரும்படலத்தோடு உரிந்து விழும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையும் கட்டுங்கள்.

ஏப்ரல் 14

காகிதப் பை. மாங்காய் முட்டை அளவு வந்ததும் பழுப்புக் காகிதப் பையால் மூடிக் காம்பில் கட்டலாம். கொய்யாவுக்கு எலுமிச்சை அளவில். மழை தொடங்கினால் செய்தித்தாள் கிழியும், நெய்யாத துணிப் பை நிற்கும். கீழ் மூலையில் ஒரு சிறு வெட்டு விடுங்கள், தண்ணீர் தேங்கினால் காய் அழுகும். கட்டுமுன் காயில் ஊசிக்குத்துப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை வைத்த காயை மூடினால் புழுவுக்குப் பாதுகாப்புத்தான்.

உயரக் கிளைக்கு ஏற வேண்டாம். கை எட்டும் காய்கள் வீட்டுக்குப் போதும்.

மே 9

சக்கை: பிஞ்சில் துளையும் வாயில் எச்சமும் தெரிந்தால் துளைப்பான் புழு. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு காய்களுக்கு நடுவில்தான் நுழையும். ஒன்றைப் பறித்துக் கூட்டானுக்கு எடுங்கள், மற்றதை அடி திறந்த சாக்கால் மூடுங்கள். கறுத்து விழும் சிறு திரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை ஆண்பூ, விழுவதற்கே வந்தவை. பெருக்கி எடுத்தால் நல்லது.

மே 30

இந்த இழையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உதிர்ந்த மாங்காயை அன்றன்றே பொறுக்க வேண்டும். பழத்துக்குள் இருக்கும் புழு ஒரு வாரத்தில் வளர்ந்து வெளியேறி, மரத்தடி மண்ணில் இரண்டு மூன்று விரல் ஆழத்தில் கூட்டுப்புழு ஆகும். முட்டையிலிருந்து ஈ வரை ஏறத்தாழ மூன்று வாரம்தான். நீலம் மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை இறங்குகிறது. செங்கவருக்கையில் பெருகிய ஈ நேராக நீலத்துக்கு வரும், அங்கிருந்து மழைக்காலக் கொய்யாவுக்கு. உங்கள் நீலத்தின் புழு உங்கள் செங்கவருக்கையின் அடியில்தான் தொடங்குகிறது.

பொறுக்கியதை உரக்குழியில் போடாதீர்கள். கறுப்புப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் ஒரு வாரம் வைத்தால் உள்ளே வெந்து சாகும். மழை நாளில் வாளித் தண்ணீரில் சோப்பு போட்டு மூழ்க வையுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். அரையடியில் புதைத்தால் ஈ வெளியேறிவிடும். மரத்தடியை வாரம் ஒருமுறை லேசாகக் கிளறிக் கோழியை விட்டால் கூட்டுப்புழுவைக் கோழி தின்னும்.

பறித்த பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் மூழ்க வைத்தால் தோலுக்கடியில் உள்ள முட்டை சாகும். வெப்பமானி இல்லாமல் செய்ய வேண்டாம், சூடு ஏறினால் பழம் வெந்து போகும். முற்றிய காய்க்கு மட்டும், பிஞ்சுக்கு இல்லை.

ஜூன் 17

மழை பிடித்துவிட்டது, இனி எண்ணெய் தெளிப்பு வீண். பூச்சியைக் கொல்லும் பூசணமான பியூவேரியாவுக்கு இந்த ஈரம்தான் வேண்டும்.

ஏத்தவாழை ஐந்து மாதம் ஆகிவிட்டால் காய்ந்த புறமட்டைகளை உரியுங்கள். தண்டில் கோந்து போலப் பிசின் வடிந்தால் தண்டு வண்டு முட்டை வைத்திருக்கிறது. குலை வெட்டிய தண்டை முழங்கை நீளத் துண்டாக நறுக்கி, நெடுக்காகப் பிளந்து, வெட்டுப்பக்கம் பியூவேரியாப் பொடி 20 கிராம் தடவி, அந்தப் பக்கம் மண்ணைப் பார்க்க வையுங்கள். வண்டு தேடி வரும், பூசணம் பிடித்துச் சாகும். மீதித் தண்டையும் கிழங்கையும் தோண்டி நறுக்காமல் விட்டால் வண்டுக்கு அதுவே பண்ணை. ஸ்ரீகாரியம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி இலையிலிருந்து எடுத்த நன்மா, மென்மா மருந்துகளும் இதற்கு உண்டு. நன்மா வருமுன் காக்க, மென்மா தண்டில் ஊசி வழியாகச் செலுத்த. பியூவேரியாவோடு போர்டோ கலவை போன்ற பூசணக்கொல்லியைச் சேர்க்க வேண்டாம். பூசணத்தையே கொன்றுவிடும்.

ஆகஸ்ட் 11

கன்னிப்பூ நெல் அறுப்பு நெருங்கும் நேரம், மாவில் புதுத் தளிர். கத்தரியால் வெட்டியது போல் இலைத்துண்டுகள் தரையில் கிடந்தால் இலைவெட்டி வண்டு. மரத்தைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். முட்டை அந்த விழுந்த துண்டின் நடுநரம்பில் இருக்கிறது. தினமும் பெருக்கி எரித்தால் அடுத்த தலைமுறை இல்லை. மருந்து தேவைப்படாத பூச்சி இது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 12

ஒன்றுதான் என்று சொன்னது மிகை. எலுமிச்சை, நாரத்தைத் தளிரில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழுக்களும் கையால் பொறுக்கினால் தீரும்.

செப்டம்பர் 4 | அருமனை வாசகர்

அண்ணே, இந்தத் தடவ நீலத்துல ஈப்புழு பாதிக்கு மேல கொறஞ்சுது. கொட்டையில வண்டு மட்டும் அப்படியே இருக்கு. பட்ட தேச்சது பலிக்கலியா?

செப்டம்பர் 4

ஒரு வருடத்தில் தெரியாது. உங்கள் மரத்தில் உள்ள வண்டு பெரும்பாலும் உங்கள் விளையிலேயே பிறந்தது, தொலைவு பறக்காது. இந்த சீசனில் தின்ற பழத்தின் கொட்டைகள் எங்கே போயின? வாழைத்தடத்தில் வீசியிருந்தால் அங்கிருந்துதான் வண்டு ஏறும். இனி கொட்டையை எல்லாம் ஒரு சாக்கில் சேர்த்து எரியுங்கள், முளைக்க வைப்பதைப் பிளந்து பார்த்து நடுங்கள். நவம்பரில் மறுபடி பட்டை வேலை, இந்தத் தடவை கவட்டைகளையும் விடாமல். மார்கழி, தையில் பிஞ்சு கோலி அளவு வரும்போது அடிமரத்திலும் கிளைகளிலும் வேப்பெண்ணெய் இன்னொரு முறை.

அக்டோபர் 9

கொய்யாவிலும் கொல்லாமாவிலும் தளிர் வந்துவிட்டது, தேயிலைக் கொசு இப்போதிருந்து மாசி வரை. தளிர்நுனி கருகி, கொய்யாக் காயில் கறுத்த சொறி விழும். நடுப்பகலில் இலைக்கடியில் ஒளியும், காலையிலும் மாலையிலும்தான் வெளியே வரும். டிசம்பர் 6 குறிப்பின் கரைசலையே அந்த நேரத்தில் அடியுங்கள். முசுறு ஓடும் கொல்லாமாவுக்கு அடிக்க வேண்டாம்.